தலையில் பலத்த அடிபட்ட நாயைத் தேற்றுவது எப்படி?

எங்கள் செவலைமீது பைக் மோதியபோது அவளுக்கு நான்கு வயது. தெருவில் பிறந்து, ஒரு மழைக்கு எங்கள் திண்ணையில் ஒதுங்கி, அப்படியே வீட்டுப் பிள்ளையாகிவிட்ட நாட்டு நாய். நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது மூக்கிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. ஒரு கண்மணி விரிந்தும் மற்றொன்று சுருங்கியும் இருந்தன. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் காதுகூட அசையவில்லை. முதலில் கொண்டுபோன இடத்தில் பார்த்த மாத்திரத்தில், "இது தேறாது, ஊசி போட்டுவிடலாம்" என்றார்கள். நான்கு மாதம் கழித்து அதே செவலை, பால்காரரின் சைக்கிள் மணி கேட்டு வாசலுக்கு ஓடினாள். அந்த நான்கு மாதத்தில் நான் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதை, இதே நிலையில் இன்று தவித்துக்கொண்டிருக்கும் ஒருவருக்காக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். மூளைக்குச் சேதம் இரண்டு தவணையாக வருகிறது. மோதிய நொடியில் ஏற்பட்டது முதல் தவணை. அதை யாராலும் திருப்ப முடியாது. இரண்டாவது, அடுத்த சில மணி நேரத்தில் தொடங்கி இரண்டு மூன்று நாள் வரை வளர்வது. ரத்தம் கசியும், மூளை வீங்கும். மண்டையோடு விரிந்து கொடுக்காது என்பதால் வீக்கத்துக்கு இடமில்லாமல் உள்ளே அழுத்தம் ஏறும். ரத்த ஓட்டம் குறையும். பிழைத்திருந்த பகுதியும் மூச்சுக்காற்று கிடைக்காமல் சாகும். இந்த இரண்டாவது சேதத்தைத்தான் நாமும் மருத்துவரும் தடுக்க முடியும். காயம்பட்ட மூளைக்கு நேரடியாகச் செய்ய நம்மிடம் பெரிதாக எதுவும் இல்லை. மூச்சு, ரத்தம், தோல், சிறுநீர், சாப்பாடு என்று மற்ற எல்லாவற்றையும் காத்துக் கொடுத்தால், மூளை தன் வேகத்தில் தன்னைச் சரிசெய்துகொள்ளும். கீழே வருவதெல்லாம் இந்த ஒரே கருத்தின் விரிவு.

சாலையிலிருந்து மருத்துவமனை வரை

வண்டிகளை நிறுத்தச் சொல்லி இன்னொருவரைக் காவலுக்கு வைத்த பிறகே நாயிடம் குனியுங்கள். எவ்வளவு சாதுவான நாயானாலும் வலியிலும் குழப்பத்திலும் கடிக்கும். அது உங்களை வெறுப்பதால் அல்ல. வாந்தி எடுக்காமல், மூச்சுத் திணறாமல், முகத்தில் காயமில்லாமல் இருந்தால் மட்டும் துணியால் வாயைத் தளர்வாகக் கட்டலாம். மற்றபடி தலைமேல் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு தூக்குவது நல்லது.

தெரியாத தெருநாய் என்றால் கூடுதல் எச்சரிக்கை தேவை. தள்ளாட்டம், எச்சில் ஒழுகுதல், திசை தெரியாத பார்வை ஆகியவை வெறிநோயிலும் வரும். விபத்தை நீங்கள் கண்ணால் பார்க்கவில்லையானால் வெறும் கையால் தொடாதீர்கள். கடித்தாலோ, கீறல்மேல் எச்சில் பட்டாலோ, ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசிக்குப் போங்கள். இதில் தயவு தாட்சண்யம் கூடாது.

இனி தூக்கும் முறை. கால்களைப் பிடித்தோ அக்குளில் கைகொடுத்தோ தூக்கக் கூடாது. தலையில் அடிபட்ட நாய்க்கு முதுகெலும்பும் முறிந்திருக்கலாம். ஒரு பலகையோ, கெட்டியான அட்டைப்பெட்டியைப் பிரித்த அட்டையோ, எதுவும் கிடைக்காவிட்டால் இருவர் இழுத்துப் பிடித்த போர்வையோ போதும். ஒருக்களித்த நிலையில், தலை, கழுத்து, முதுகு ஒரே கோட்டில் இருக்கும்படி நகர்த்தி ஏற்றுங்கள். கழுத்துப்பட்டையை உடனே அவிழ்த்துவிடுங்கள். மூளையிலிருந்து ரத்தம் இறங்கி வரும் நாளங்கள் கழுத்தின் இருபுறமும் ஓடுகின்றன. அங்கே விரல் அழுத்தினாலும் தலைக்குள் அழுத்தம் கூடும். அதே காரணத்தால்தான், ரத்தப் பரிசோதனைக்குக் கழுத்து நாளத்தில் ஊசி போடாமல் காலில் எடுக்க முடியுமா என்று மருத்துவரிடம் பணிவாகக் கேட்பதும் நல்லது.

தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும், 15 முதல் 30 டிகிரி வரை. இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள். தலைக்கு மட்டும் தலையணை வைத்தால் கழுத்து மடங்கி, மேலே சொன்ன நாளங்கள் நசுங்கும். பலகையையே சாய்க்க வேண்டும். மூன்றடிப் பலகையின் தலைமாட்டை முக்கால் அடி உயர்த்தினால் 15 டிகிரி வந்துவிடும். ஆட்டோவில் போனால் பலகையின் முன்பக்கத்தை மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாயில் ரத்தமோ வாந்தியோ இருந்தால் துணியால் துடைத்து, நாக்கை வெளியே இழுத்துவிடுங்கள். மூக்கில் பஞ்சு அடைக்காதீர்கள். கண்விழி பிதுங்கி வெளியே வந்திருந்தால் உள்ளே தள்ளக் கூடாது. சுத்தமான உப்புநீரில் நனைத்த துணியால் மூடிக்கொண்டு போங்கள். முகத்தில் தண்ணீர் தெளிப்பது, பால் புகட்டுவது, காயத்தில் காபித்தூள் வைப்பது ஆகிய மூன்றும் அக்கறையால் செய்யப்படுபவை, மூன்றுமே கெடுதல். மயக்கத்தில் இருக்கும் நாயின் வாயில் ஊற்றும் எதுவும் நுரையீரலுக்குத்தான் போகும். வீட்டில் இருக்கும் பாராசிட்டமால், ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் எதையும் கொடுக்காதீர்கள். மனிதனுக்கான இந்த வலிமாத்திரைகள் நாயின் வயிறு, சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றைக் கெடுத்துவிடும்.

கிளம்பும்போதே தொலைபேசியில் அழைத்து, பிராணவாயு வசதியும் இரவில் ஆளும் இருக்கிறார்களா என்று கேளுங்கள். அந்த இரண்டும் இல்லாத அருகிலுள்ள சிறு மருந்தகத்தைவிட, இருபது நிமிடம் தள்ளியிருக்கும் பெரிய இடம் மேல். தமிழ்நாட்டில் சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களில் உள்ள அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரிகளோடு மருத்துவமனையும் இருக்கிறது. உங்கள் ஊருக்கு எது அருகில், எத்தனை மணி வரை அவசரச் சிகிச்சை என்பதை நாய் நலமாக இருக்கும்போதே விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது.

மருத்துவரிடம் என்ன கேட்பது

நாம் மருத்துவர்கள் அல்ல. ஆனால் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பதற்றம் குறையும். சரியான கேள்வியும் கேட்கலாம்.

முதல் வேலை தலை அல்ல, மூச்சும் ரத்த அழுத்தமும். பிராணவாயு கொடுப்பார்கள், டிரிப் ஏற்றுவார்கள். வண்டியில் அடிபட்ட நாய்க்கு நுரையீரலும் நசுங்கியிருக்கலாம் என்பதால் நெஞ்சு எக்ஸ்ரே முக்கியம். மண்டையோட்டு எலும்பு முறிவு எக்ஸ்ரேயில் தெரியலாம், மூளை தெரியாது, அதற்கு சி.டி. ஸ்கேன் வேண்டும். ஸ்கேனுக்கு நாய் அசையாமல் இருக்கப் பெரும்பாலும் மயக்கம் கொடுக்க வேண்டியிருப்பதால், நிலை தேறிவரும் நாய்க்கு அதை அவசரப்பட்டு எடுக்க வேண்டியதில்லை.

மூளை வீக்கத்தை வடிக்க இரண்டு மருந்துகள் வழக்கத்தில் உள்ளன: மேனிட்டால், அல்லது அடர்ந்த உப்புக்கரைசல். இரண்டும் ரத்த நாளம் வழியாக, அளவு பார்த்து, மெதுவாகச் செலுத்தப்படுபவை. ஸ்டீராய்டு ஊசி போட்டால் வீக்கம் வடியும் என்ற பழைய நம்பிக்கை இன்னும் பல இடங்களில் இருக்கிறது. தலைக்காயம் பட்ட 10,000 மனிதர்களிடம் நடந்து 2004-ல் வெளியான பெரிய ஆய்வில், ஸ்டீராய்டு பெற்றவர்களிடையே இறப்பு அதிகமாக இருந்தது. நாய்களுக்கும் தலைக்காயத்தில் அது பரிந்துரைக்கப்படுவதில்லை. "ஸ்டீராய்டு இல்லாமல் பார்க்க முடியுமா, ஐயா?" என்று கேட்பதில் அவமரியாதை எதுவும் இல்லை. சர்க்கரைக் கரைசல் டிரிப்பைப் பற்றியும் அப்படியே கேளுங்கள். ரத்தச் சர்க்கரை குறைந்திருந்தால் ஒழிய அது வேண்டாம்.

மருத்துவர் மூன்று விஷயங்களுக்கு மதிப்பெண் போடுவார்: உடல் அசைவு, கண்மணி முதலான அனிச்சைச் செயல்கள், சுயநினைவு. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 6. மொத்தம் 3 முதல் 18. நாய்களுக்கென மாற்றியமைத்த கிளாஸ்கோ அளவுகோல் இது. தலைக்காயம் பட்ட 38 நாய்களைப் பற்றி 2001-ல் வெளியான ஆய்வின்படி, மதிப்பெண் 8 என்றால் முதல் 48 மணி நேரத்தைத் தாண்டும் வாய்ப்பு ஏறத்தாழ பாதி. எட்டு என்பது கேட்பதற்கு எவ்வளவு மோசமான எண்! அதற்கே பாதி வாய்ப்பு.

அதனால்தான் சொல்கிறேன்: முதல் மணி நேரத்துத் தோற்றத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். சில மணிக்கு ஒருமுறை மதிப்பெண்ணைத் திரும்பப் போடச் சொல்லி, அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள். செவலைக்கு முதல் இரவு 9, மறுநாள் மாலை 12. இரண்டு கண்மணிகளும் முழுதாக விரிந்து, வெளிச்சத்துக்கு அசையாமல், தானாக மூச்சு விட முடியாமல், சிகிச்சைக்குப் பிறகும் எண் இறங்கிக்கொண்டே போனால், அமைதியாக விடைகொடுப்பதும் அன்புதான். அந்த முடிவை எடுப்பவர்களை நான் ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது பார்த்திருந்து எடுக்கும் முடிவாக இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்தபின் முதல் இரண்டு வாரம்

ஆள் நடமாட்டம் குறைந்த, வெளிச்சம் மங்கிய ஓர் அறையை ஒதுக்குங்கள். தொலைக்காட்சி, பட்டாசு, வந்து பார்க்கும் உறவினர்கள் எதுவும் வேண்டாம். அறை குளிர்ச்சியாக இருக்க வேண்டும். உடல் சூடு ஏறினால் மூளையின் தேவையும் ஏறும். நாயின் இயல்பான வெப்பம் 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் படுத்த படுக்கையாக இருக்கும் நாய்க்கு அது எளிதில் தாண்டிவிடும். மின்விசிறியும், தரையில் தண்ணீர் தெளித்து ஈரச்சாக்கு விரிப்பதும் போதும், பனிக்கட்டி வேண்டாம்.

படுக்கை தடிமனாக இருக்கட்டும். இலவம்பஞ்சு மெத்தைமேல் பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் பழைய பருத்திச் சேலை நான்கு மடிப்பு. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும், இரவிலும்தான். வீட்டில் எல்லோரும் முறை வைத்துக்கொள்ளுங்கள். முழங்கை, இடுப்பு, தோள் எலும்பு படும் இடங்களைத் தினமும் தடவிப் பாருங்கள். சிவந்திருந்தால் அது படுக்கைப்புண்ணின் முதல் அறிகுறி. எங்கள் வீட்டில் இதைத்தான் கோட்டைவிட்டோம். முதல் வாரம் முழுக்கத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தோம். இடுப்பில் வந்த புண் ஆற, தலை தேறியதைவிட அதிக நாள் ஆனது.

அடுத்தது சிறுநீர். துணி நனைந்திருப்பதைப் பார்த்து, போகிறது என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள். பை நிரம்பி வழிந்தாலும் அப்படித்தான் சொட்டும். அடிவயிற்றைத் தொட்டால் பந்துபோல் தெரிகிறதா என்று பாருங்கள். அப்படியானால் மென்மையாக அழுத்திச் சிறுநீரை வெளியேற்றும் முறையை மருத்துவரிடம் நேரில் கற்றுக்கொண்டு, நாளுக்கு மூன்று நான்கு முறை செய்யுங்கள். எழுத்தில் படித்துச் செய்யக்கூடிய வேலை அல்ல அது. நனைந்த இடத்தை உடனே கழுவி, ஈரம் போகத் துடைத்து, வாசலின் தடவுங்கள்.

கண் இமைக்காத நாய்க்கு விழி காய்ந்து புண்ணாகும். மருத்துவர் தரும் கண்ணீர்ச் சொட்டுகளை நேரம் தவறாமல் விடுங்கள்.

முதல் வாரத்தில் நாய் நிறையத் தூங்கும். தூங்கட்டும். ஆனால் மூன்று நான்கு மணிக்கு ஒருமுறை பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வழக்கம்போல் எழுகிறதா என்று பாருங்கள். எழுப்பவே முடியவில்லை, கண்மணிகளின் அளவு மாறிவிட்டது, மூச்சு ஒழுங்கில்லை, மீண்டும் மீண்டும் வாந்தி, சுவரில் தலையை முட்டிக்கொண்டு நிற்கிறது, நாடி வழக்கத்தைவிட மிகவும் மெதுவாகிவிட்டது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியும் வரை காத்திருக்காதீர்கள்.

சோறும் தண்ணீரும்

அவசரப்படாமல் இருக்க வேண்டிய இடம் இது. சங்கிலும் பாலாடையிலும் பிள்ளைக்குப் புகட்டிய பழக்கம் நமக்கு உண்டு. அதே கை நாயின் வாயைத் திறந்து கஞ்சி ஊற்றத் துடிக்கும். வேண்டாம். விழுங்கும் திறன் திரும்பாத நாய்க்கு அது நிமோனியாவில் முடியும்.

நாய் நெஞ்சு தரையில் படும்படி, தலை நிமிர்ந்து உட்காரும் நிலைக்கு வந்த பிறகு, இருபுறமும் துணிச்சுருள் கொடுத்து நிறுத்தி, விரல்நுனி அளவு குழைந்த உணவை உதட்டோரம் வையுங்கள். நக்கி, விழுங்கி, இருமாமல் இருந்தால் இன்னும் கொஞ்சம். இருமினால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். இரண்டு மூன்று நாளாகியும் தானாகச் சாப்பிடாவிட்டால் கழுத்து வழியாக உணவு செலுத்தும் குழாய் வைப்பதைப் பற்றி மருத்துவரே சொல்வார். பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் பட்டினியைவிட அது பல மடங்கு நல்லது.

எவ்வளவு கொடுப்பது? படுத்திருக்கும் நாய்க்கு, எடையை 30-ஆல் பெருக்கி 70-ஐக் கூட்டுங்கள். 15 கிலோ நாய்க்கு நாளுக்கு 520 கலோரி. அதை நான்கைந்து வேளையாகப் பிரியுங்கள். எலும்பு நீக்கிய வேகவைத்த கோழி, குழைந்த சோறு, அவித்த முட்டை. வெங்காயமும் பூண்டும் நாய்க்கு நஞ்சு. குழம்புச் சோறு கூடாது. தண்ணீர் கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி. தனியாகக் குடிக்கத் தடுமாறினால் உணவிலேயே கலந்துவிடலாம். சாப்பிட்ட பின் கால் மணி நேரமாவது நிமிர்ந்தே இருக்கட்டும்.

ஒரு விந்தையைச் சொல்ல வேண்டும். செவலை தட்டின் இடது பாதிச் சோற்றை மட்டும் தின்றுவிட்டு, பசியோடு என்னைப் பார்த்தாள். வலது பாதி அப்படியே இருந்தது. பிடிக்கவில்லையோ என்று நினைத்தேன். மூளையின் ஒரு பக்கம் அடிபட்டால் எதிர்ப்பக்க உலகமே நாய்க்கு இல்லாமல் போய்விடும் என்று மருத்துவர் விளக்கினார். தட்டைத் திருப்பி வைத்தேன், மிச்சத்தையும் தின்றாள். ஆறு வாரத்தில் தட்டைத் திருப்பும் வேலை இல்லாமல் போயிற்று.

மறுபடி எழுந்து நடக்க

மருத்துவர் சரி என்றதும், படுத்திருக்கும்போதே ஒவ்வொரு மூட்டையும் பத்துப் பதினைந்து முறை மெதுவாக மடக்கி நீட்டுங்கள், நாளுக்கு மூன்று வேளை. வலி காட்டினால் அந்த மூட்டை விட்டுவிடுங்கள். பிறகு, வயிற்றுக்கடியில் நீண்ட துண்டைக் கொடுத்துத் தாங்கி, ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று நிற்க வைக்கலாம். டைல்ஸ் தரை இந்த நாய்களுக்குப் பகை; தேங்காய்நார் மிதியடிகளை வரிசையாகப் போட்டுப் பாதை அமையுங்கள். மாடிப்படி, கிணற்றடி, வாசல் கதவு மூன்றுக்கும் அடைப்பு வேண்டும்.

எழுந்ததும் ஒரே பக்கமாக வட்டமடித்து நடக்கலாம். பெரும்பாலும் அடிபட்ட பக்கம் நோக்கியே சுற்றும். தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கலாம். பார்வை தெரியாமல் முட்டிக்கொள்ளலாம். கண் நன்றாக இருந்தும் மூளை அடிபட்டதால் வரும் குருட்டுத்தன்மை பல நாய்களுக்கு வாரக்கணக்கில் மெல்லத் திரும்புகிறது. அதுவரை நாற்காலி, தண்ணீர்ப் பாத்திரம் எதையும் இடம் மாற்றாதீர்கள். என் மகள் கொலுசு போட்டுக்கொண்டு நடந்தாள். அந்தச் சத்தத்தை வைத்தே செவலை அவளைக் கண்டுபிடித்தாள்.

மனத்துக்குக் கடினமானது குணமாற்றம். வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கும், காரணமின்றி உறுமும், உங்களையே அந்நியர்போல் பார்க்கும். திட்டாதீர்கள். தூங்கும்போது தொடாமல், முன்பக்கமாக வந்து, பெயர் சொல்லிவிட்டுத் தொடுங்கள். சிறு பிள்ளைகளை அதனுடன் தனியே விடக் கூடாது. உட்கார், வா என்ற இரண்டு சொற்களைக் குட்டிக்குக் கற்றுத்தருவதுபோல மறுபடி தொடங்குங்கள். ஐந்து நிமிடம் போதும், அதற்குமேல் மூளை களைத்துவிடும். பெரிய முன்னேற்றம் முதல் சில வாரங்களில் தெரியும். சிறு முன்னேற்றங்கள் ஆறு மாதம் வரையிலும் வந்துகொண்டிருக்கும். மூளையின் ஒரு பகுதியை இழந்தும் சமாளித்துக்கொள்வதில் நாய்கள் வியக்கத்தக்கவை. வெளியே அழைத்துப் போகும்போது கழுத்துப்பட்டை வேண்டாம். மார்பில் மாட்டும் பட்டைதான்.

வலிப்பு

இது உடனேயும் வரலாம். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்திருக்கும்போது மாதங்கள் கழித்தும் வரலாம். வந்தால் வாயில் கையையோ கரண்டியையோ வைக்காதீர்கள். நாய் நாக்கை விழுங்காது. உங்கள் விரல்தான் போகும். காலில் இரும்புச் சாவியைத் திணிப்பதால் பயனில்லை. சுற்றியுள்ள பொருள்களை நகர்த்தி, விளக்கை அணைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். முடிந்தால் ஒருவர் செல்பேசியில் படம் எடுக்கட்டும். மருத்துவருக்கு உங்கள் விளக்கத்தைவிட அது உதவும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, ஒரே நாளில் இரண்டாவது முறை வந்தாலோ, உடனே வண்டி ஏற வேண்டும். வலிப்பை அடக்கும் டயசிபாம் மருந்தை ஆசனவாய் வழியாகச் செலுத்தும் முறையை மருத்துவர் அனுமதித்துக் கற்றுத்தந்திருந்தால் அதை வீட்டில் தயாராக வைத்திருக்கலாம்.

வலிப்பு வராமல் தடுக்க லெவிடிராசெட்டம் மாத்திரை எழுதித் தந்தால் வழக்கமாக எட்டு மணிக்கு ஒருமுறை என்றிருக்கும். காலை 6, மதியம் 2, இரவு 10 என்று வைத்துக்கொண்டால் மறக்காது. இன்னொரு வலிப்பு மருந்தான பீனோபார்பிட்டால் என்றால் இடையிடையே ரத்தப் பரிசோதனை தேவைப்படும். எதுவானாலும், வலிப்பு நின்றுவிட்டதே என்று நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்துவதே முன்பைவிடக் கடுமையான வலிப்பைக் கொண்டுவரும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, நேரம், எத்தனை விநாடி, முந்தைய வேளை மாத்திரை கொடுத்த நேரம், அன்று வெயிலோ பட்டாசோ அதிகமா என்று எழுதி வையுங்கள். செவலைக்கு ஏழாவது மாதத்தில் ஒன்று வந்தது, 50 விநாடி. தீபாவளிக்கு மறுநாள் விடியற்காலை. ஒரு வேளை மாத்திரை தாமதமாகியிருந்ததை நோட்டைப் பார்த்த பிறகே கண்டுபிடித்தோம். அதற்குப் பின் இரண்டு ஆண்டுகளாக அந்தப் பக்கத்தில் புதிதாக எதுவும் எழுத வேண்டியிருக்கவில்லை. நோட்டு இன்னும் சமையலறை அலமாரியில், மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.